ஏரியும் நாயகரும்: காகதீயர் அரசு நின்ற அடித்தளம்

தென்னிந்தியாவின் பழைய பேரரசுகளை வரைபடத்தில் குறித்துப் பார்த்தால் பெரும்பாலும் ஓர் ஆற்றங்கரையில் வந்து நிற்போம். சோழருக்குக் காவிரி. பாண்டியருக்கு வைகையும் தாமிரபரணியும். வேங்கிச் சாளுக்கியருக்குக் கோதாவரியும் கிருஷ்ணாவும் வண்டல் சேர்த்த கடலோரச் சமவெளி. காகதீயருக்கு அப்படி ஓர் ஆறு வாய்க்கவில்லை. அவர்களுடைய தலைநகரான ஓருகல்லு, அதாவது இன்றைய வாரங்கல், கோதாவரிக்கும் கிருஷ்ணாவுக்கும் இடைப்பட்ட மேட்டு நிலத்தில் இருக்கிறது. இரண்டு பேராறுகளும் அந்த மேட்டுக்கு வெகு கீழே தாழ்ந்த படுகையில் ஓடுகின்றன. அந்த நீரை மேலே ஏற்ற அன்று வழியில்லை. அங்கே இருந்தவை கருங்கல் பாறை, செம்மண், ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்து ஓய்ந்துவிடும் பருவமழை ஆகியவைதான்.

அந்த வறண்ட மேட்டிலிருந்து எழுந்த ஒரு குடும்பம், 13ஆம் நூற்றாண்டில் தெலுங்கு பேசும் நாட்டின் பெரும்பகுதியை முதன்முறையாக ஒரே ஆட்சிக்குள் கொண்டுவந்தது. வங்கக் கடலோரத் துறைமுகங்களைப் பிடித்து வெளிநாட்டு வணிகர்களுக்கு அடைக்கலம் தந்தது. காஞ்சிபுரம் வரை படை நடத்தியது. ஒரு பெண்ணை முடிசூட்டி கால் நூற்றாண்டுக்கு மேல் அவர் ஆணையின்கீழ் நடந்தது. 1323இல் டெல்லிப் படையிடம் தலைநகரை இழந்து மறைந்தது.

இந்தக் கதையைப் பெரும்பாலும் மன்னர் வரிசையாகவும் போர் வரிசையாகவுமே சொல்கிறோம். அப்படிச் சொன்னால் இரண்டு கேள்விகளுக்கு விடை கிடைப்பதில்லை. நெல் விளையும் கழிமுகத்தில் இருந்தவர்களை மேட்டு நிலத்து மனிதர்கள் எப்படி வென்றார்கள்? தலைநகர் விழுந்து பதின்மூன்று ஆண்டுகள்கூட முழுதாகக் கழியாத நிலையில் உள்ளூர்த் தலைவர்கள் அதை எப்படி மீட்டார்கள்? என் பார்வையில் இரண்டுக்கும் ஒரே இடத்தில்தான் விடை இருக்கிறது. மழைநீரைத் தேக்கும் ஏரியை வெட்டுபவரும், பிறந்த குலம் பாராமல் படைத்தலைமைக்கு வந்த நாயகரும் ஒரே ஆளாக இருந்த சமூகம் அது. அந்த மனிதர்களின் மேல்தான் காகதீயர் அரசு நின்றது.

பிறரிடம் சேவகம் செய்த குடும்பம்

காகதீயர் பெயர் நமக்கு முதலில் தெளிவாகக் கிடைப்பது 956ஆம் ஆண்டைச் சேர்ந்த மாங்கல்லு செப்பேட்டில். வேங்கிச் சாளுக்கிய மன்னர் தானார்ணவர், காகதீய குண்டியனர் என்பவரின் வேண்டுகோளின்படி அளித்த கொடை அது. அப்போது இந்தக் குடும்பம் இராஷ்டிரகூடர் பக்கம் நின்ற படைத்தலைவர் குடும்பம். இராஷ்டிரகூடர் வீழ்ந்ததும் கல்யாணிச் சாளுக்கியரின் கீழ் வந்தார்கள்; அந்தச் சேவகத்துக்குப் பரிசாகத்தான் அநுமகொண்டா அவர்கள் கைக்கு வந்தது. இன்றைய ஹனம்கொண்டா, வாரங்கலை ஒட்டிய நகரம். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் அவர்கள் பிறருக்குக் கட்டுப்பட்ட தலைவர்களாகவே இருந்தார்கள்.

12ஆம் நூற்றாண்டின் நடுவில் கல்யாணிச் சாளுக்கியர் தளர்ந்தபோது இரண்டாம் புரோலர் அக்கம்பக்கத்துத் தலைவர்களை அடக்கி எல்லையை விரித்தார். அவருடைய மகன் ருத்ரதேவர் 1163இல் அநுமகொண்டாவில் பொறித்த சமஸ்கிருதக் கல்வெட்டில் மேலதிகாரி எவர் பெயரும் இல்லை. தனியரசின் தொடக்கமாக வரலாற்றாசிரியர்கள் கொள்வது இதைத்தான். அந்தக் கல்வெட்டு நிற்கும் இடம்தான் இன்று ஆயிரங்கால் கோயில் என்று அழைக்கப்படுகிறது. சிவன், திருமால், சூரியன் மூவருக்கும் மூன்று கருவறைகள், நடுவில் ஒரே மண்டபம்.

இவர்களுடைய குலம் பற்றிய செய்தி எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. சோழர் தங்களைச் சூரிய குலம் என்றனர். பாண்டியர் சந்திர குலம் என்றனர். தேவகிரி யாதவரும் போசளரும் கண்ணனின் யது குலத்தைச் சொன்னார்கள். காகதீயரின் வருணத்தைக் குறிப்பிடும் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை அவர்களை நான்காம் வருணத்தவர் என்றே சொல்கின்றன. க்ஷத்திரியர் என்று சொல்பவை மிகச் சில. அவை பெரும்பாலும் கடலோரத்தை வென்ற பிறகு, பிராமணர்களுக்குக் கொடை தரும்போது எழுதப்பட்டவை. கணபதிதேவர் காலத்துக் கரவபாடு செப்பேடு கரிகாற்சோழனையே முன்னோராகக் காட்டுகிறது. கரிகாலனைத் தங்கள் மூதாதையாகச் சொல்லிக்கொண்ட தெலுங்குக் குடும்பங்கள் பல; காவிரிக்குக் கரை கட்டியவன் என்ற அவனது புகழ் அவ்வளவு தூரம் பரவியிருந்தது. ஆனால் அன்றாட ஆட்சியில் இந்த வம்சாவளி அவர்களுக்குப் பெரிதாகத் தேவைப்படவில்லை. நான்காம் வருணத்தவர் என்று கல்லிலேயே எழுதி வைத்துவிட்டு அரசாள்வதில் அவர்களுக்கு எந்தக் கூச்சமும் இருந்ததாகத் தெரியவில்லை. மன்னரே அப்படி இருந்தபோது, அவருக்குக் கீழே பதவிக்கு வர நினைத்தவனிடம் குலம் கேட்பதற்கு இடமில்லாமல் போயிற்று.

ஏரி எப்படி அதிகாரம் ஆகிறது

தெலங்கானா நிலம் சமதளம் அல்ல. சிறு குன்றுகளும் பள்ளங்களும் அலையலையாகக் கிடக்கின்றன. இரண்டு குன்றுகளுக்கு நடுவே மண் கரை ஒன்றை எழுப்பினால் மழைக்காலத்து ஓடை அங்கே தேங்கும். கரையில் மதகு வைத்தால் கீழே இருக்கும் நிலத்துக்குப் பாசனம். ஓரத்தில் கலிங்கு வைத்தால் மிகுந்த நீர் வழிந்து அடுத்த பள்ளத்துக்குப் போகும். அங்கே இன்னொரு கரை, இன்னொரு ஏரி. இப்படிச் சங்கிலிபோல் ஒன்றன் கீழ் ஒன்றாக ஏரிகள். புதுக்கோட்டை, சிவகங்கை, இராமநாதபுரம் வட்டாரத்துக் கண்மாய்களை அறிந்தவர்களுக்கு இதில் புதிது ஒன்றுமில்லை. மேல் ஏரி உடைந்தால் கீழ் ஏரிகளும் உடையும், வண்டலை வாரிக்கொண்டே இருக்க வேண்டும், மதகைத் திறக்க ஊரில் ஒருவர் பொறுப்பாக இருக்க வேண்டும் என்பதெல்லாம் அவர்கள் நன்றாக அறிந்தவை.

கழிமுகத்தில் ஆற்று வண்டலும் நீரும் தாமாக வந்து சேர்கின்றன. மேட்டு நிலத்தில் ஒவ்வொரு குழி விளைநிலத்தையும் யாரோ ஒருவர் பணம் போட்டு உருவாக்க வேண்டியிருந்தது. அந்தப் பணத்தைப் போட்டவர்கள் யார் என்று கல்வெட்டுகளில் தேடினால் மன்னர் பெயரைவிட அவருடைய தளபதிகள், அமைச்சர்கள், உள்ளூர்த் தலைவர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள் பெயர்களே அதிகம் கிடைக்கின்றன. பாகால் ஏரி கணபதிதேவர் காலத்தது. அதைக் கட்டியவராகக் கல்வெட்டு சொல்வது அமைச்சர் ஒருவரின் மகனான ஜகதால மும்மடியை. பய்யாரம் ஏரியை வெட்டியவர் கணபதிதேவரின் சகோதரி மைலமாம்பா. தர்மகீர்த்தி சமுத்திரம் என்று அந்த ஏரிக்குப் பெயர் வைத்து, கரையில் அவர் நிறுத்திய கல்வெட்டில்தான் காகதீயரின் தொடக்க கால மன்னர் வரிசை நமக்கு முழுமையாகக் கிடைக்கிறது. ஒரு வம்சத்தின் வரலாற்றுக்கு முதன்மைச் சான்று அரண்மனையிலிருந்து வராமல் ஓர் ஏரிக்கரையிலிருந்து வருகிறது.

ஏரி வெட்டுபவருக்கு என்ன கிடைத்தது? முதலாவதாகப் புண்ணியம். மகன், புதையல், கோயில், சோலை, காவியம், ஏரி, பிராமணர்க்கு அளித்த ஊர் ஆகிய ஏழும் ஒருவன் பெயரை நிலைநிறுத்தும் ஏழு சந்ததிகள் என்று அன்றைய தெலுங்கு நாடு நம்பியது. இரண்டாவது, வருமானம். தசபந்தம் என்ற முறைப்படி ஏரியைக் கட்டிப் பராமரிப்பவருக்கு அந்தப் பாசனத்தில் ஒரு பங்கு உரிமையாயிற்று. மூன்றாவதுதான் அரசியலில் கனமானது. ஏரிக்குக் கீழே புதிய நிலம், நிலத்தில் குடியேறிய புதிய உழவர்கள், அவர்களிடமிருந்து வரி, அந்த வரியில் கோயிலும் படையும். காட்டையும் புதரையும் திருத்தி ஏரி கட்டிய படைத்தலைவன், மன்னர் கொடுக்காத ஒரு நாட்டைத் தானே உண்டாக்கிக்கொண்டான். மன்னருக்குப் படை வேண்டும்போது அந்த நாட்டிலிருந்து அனுப்பினான்.

இந்தப் பிணைப்பைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் முலுகு மாவட்டத்துப் பாலம்பேட்டைக்குப் போக வேண்டும். அங்கே இராமப்பா ஏரியும் ருத்ரேசுவரர் கோயிலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. 1213இல் கோயிலை எடுப்பித்தவர் ரேசர்ல ருத்ரன், கணபதிதேவரின் தளபதி. கோயிலின் உடல் செந்நிற மணற்கல். தூண்களும் பாவைகளும் பளபளக்கும் கருங்கல். மண்டபத்துக்கு வெளியே கூரையைத் தாங்குவதுபோல் சாய்ந்து நிற்கும் அந்தப் பெண் உருவங்களின் நகைகளில் ஒவ்வொரு மணியும் தனித்தனியாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. கருவறைக்கு மேலே எழும் விமானத்துக்கு, தண்ணீரில் மிதக்கும் அளவுக்கு எடை குறைந்த, நுண்துளைகள் நிறைந்த செங்கற்களைச் சுட்டுப் பயன்படுத்தினார்கள். மண் உறுதியில்லாத இடம் என்பதால் அடித்தளத்தில் பள்ளம் தோண்டி மணல் நிரப்பி அதன்மேல் எழுப்பினார்கள். 2021இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. உலகம் கோயிலைக் கொண்டாடுவது சரிதான். ஆனால் அந்த ஏரி இல்லாமல் கோயிலுக்கு நெல்லும் இல்லை, சிற்பிக்குக் கூலியும் இல்லை. ஏரி இன்றும் வயலுக்கு நீர் விடுகிறது.

ஒரு பெரிய ஏரிக்கு எவ்வளவு உழைப்பு வேண்டும் என்பதற்குச் சற்றுப் பிற்காலத்துச் சான்று ஒன்று கடப்பை மாவட்டத்துப் போருமாமில்லாவில் இருக்கிறது. காகதீயர் மறைந்து அரை நூற்றாண்டுக்குள், 1369இல், விஜயநகர இளவரசர் பாஸ்கரர் வெட்டுவித்த ஏரி அது. ஆயிரம் ஆட்களும் நூறு வண்டிகளும் இரண்டு ஆண்டுகள் வேலை செய்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. ஏரிக்கு வேண்டிய பன்னிரண்டு அங்கங்கள் எவை, தவிர்க்க வேண்டிய குற்றங்கள் எவை என்றும் வகுத்துச் சொல்கிறது. காகதீயர் காலத்தில் தெலுங்கு மேட்டு நிலம் சேர்த்துவைத்த அறிவின் எழுத்து வடிவமாகத்தான் அதை நான் பார்க்கிறேன்.

கடற்கரைக்கு இறங்கியவர்கள்

ருத்ரதேவருக்குப் பின் வந்த அவர் தம்பி மகாதேவர் யாதவரோடு நடந்த போரில் இறந்தார். அவருடைய மகன் கணபதி எதிரியிடம் சிறைப்பட்டார். மன்னர் இல்லாத அந்த நாட்களில் அரசைக் கலையாமல் காத்தவர், இராமப்பா கோயிலைக் கட்டிய அதே ரேசர்ல ருத்ரன். காகதீய அரசை நிலைநிறுத்திய ஆசான் என்ற பட்டம் அவருக்கு உண்டு. சிறையிலிருந்து மன்னரை விடுவித்துத் திருப்பி அனுப்பும்வரை ஒரு தளபதி அரியணையைத் தனதாக்கிக்கொள்ளாமல் காத்து நின்றது அந்தக் காலத்தில் அரிய செய்தி.

1199இல் அரியணை ஏறிய கணபதிதேவர் 1262 வரை ஆண்டார். மேட்டிலிருந்து கீழே இறங்கி வேலநாட்டுச் சோடரை வென்று கிருஷ்ணா கழிமுகத்தைப் பிடித்தார். வென்றவர்களைப் பிழிந்தெடுக்காமல் உறவாக்கிக்கொண்டார். கிருஷ்ணா முகத்துவாரத்தில் உள்ள திவித் தீவின் தலைவர்களைத் தோற்கடித்துவிட்டு, அந்தக் குடும்பத்துப் பெண்கள் இருவரை மணந்தார். அவர்களுடைய சகோதரர் ஜாயபரை யானைப்படைத் தலைவர் ஆக்கினார். இந்த ஜாயபர்தான் நடனக் கலை பற்றிய சமஸ்கிருத நூலான நிருத்த ரத்னாவளியை எழுதியவர்.

நெல்லூர்த் தெலுங்குச் சோடரின் வாரிசுச் சண்டையில் மனுமசித்திக்கு உதவி கேட்டு, மகாபாரதத்தைத் தெலுங்கில் பாடிய கவி திக்கனர் ஓருகல்லுக்கு வந்ததாக மரபு சொல்கிறது. சோழப் பேரரசு தளர்ந்துபோயிருந்த நேரம் அது. கணபதிதேவரின் கல்வெட்டு ஒன்று காஞ்சிபுரம் ஏகாம்பரநாதர் கோயிலில் 1249ஆம் ஆண்டு காலத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது. தொண்டை மண்டலத்தில் அவர் கை நீண்ட காலம் நிலைக்கவில்லை. முதலாம் சடையவர்மன் சுந்தர பாண்டியன் வடக்கே நெல்லூர்வரை வந்து வீராபிஷேகம் செய்துகொண்டதோடு அந்த அத்தியாயம் முடிந்தது.

போர்களைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது மோட்டுப்பள்ளியில் கணபதிதேவர் நிறுத்திய கல்வெட்டு. இன்றைய ஆந்திரக் கடலோரத்தில் சிறு ஊர். 1244ஆம் ஆண்டை ஒட்டியது. கடல் வணிகர்களுக்கு அளிக்கும் அபய சாசனம் அது. ஒரு நாட்டிலிருந்து மறு நாட்டுக்குப் புறப்பட்ட கப்பல் புயலில் சிக்கி உடைந்து கரை ஒதுங்கினால், அதில் இருந்த பொன், யானை, குதிரை, மணி எல்லாவற்றையும் முன்பிருந்த அரசர்கள் பறித்துக்கொண்டார்கள் என்று அது வெளிப்படையாகச் சொல்கிறது. உயிரைவிடப் பொருள் பெரிதென்று துணிந்து கடலில் இறங்கியவர்கள்மீது இரக்கம் கொண்டு, முறையான சுங்கம் தவிர வேறெதையும் தாங்கள் எடுப்பதில்லை என்று உறுதி தருகிறது. அந்தச் சுங்கம் முப்பதில் ஒரு பங்கு. சந்தனம், கற்பூரம், பன்னீர், யானைத்தந்தம், முத்து, பவளம், செம்பு, ஈயம், பட்டு, மிளகு, பாக்கு என்று சரக்குகளுக்கு வரிவிகிதமும் சொல்கிறது.

பேராசை கொண்ட அரசன் உடைந்த கப்பலைக் கொள்ளையிட்டால் ஒருமுறை லாபம். அடுத்த கப்பல் வேறு துறைமுகத்துக்குப் போய்விடும். இதைப் புரிந்துகொண்டு அதைக் கல்லில் எழுதி எல்லோரும் படிக்கும்படி துறைமுகத்தில் நிறுத்தியவர், கடலே இல்லாத நாட்டிலிருந்து வந்த அரசர்! ஏரியில் முதல் போட்டுப் பல ஆண்டுகள் பொறுத்திருந்து பலன் எடுக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு எளிதாக விளங்கியிருக்கும் என்று நான் எண்ணுகிறேன்.

ருத்ரதேவ மகாராஜா என்ற பெண்

கணபதிதேவருக்கு ஆண் வாரிசு இல்லை. மகள் ருத்ரமாவைத் தம் காலத்திலேயே ஆட்சியில் இணைத்துக்கொண்டார். 1262 முதல் 1289 வரை அவர் தனித்து ஆண்டார். கல்வெட்டுகள் பலவற்றில் அவர் பெயர் ருத்ரதேவ மகாராஜா என்று ஆண்பால் பெயராகவே வருகிறது. நிடதவோலுச் சாளுக்கியக் கிளையைச் சேர்ந்த வீரபத்திரனை மணந்தவர். ஆனால் அதிகாரம் கணவனிடம் போகவில்லை.

டெல்லியில் ரஸியா சுல்தானா 1236 முதல் 1240 வரை நான்கு ஆண்டுகள்கூட நிலைக்க முடியாமல் பிரபுக்களால் வீழ்த்தப்பட்டார். ருத்ரமா ஏறத்தாழ 27 ஆண்டுகள் தாக்குப்பிடித்ததற்குக் காரணம் அவருடைய வீரம் மட்டும் என்று சொல்லிவிட முடியாது. பழைய குடும்பப் பெருமை உள்ள தலைவர்கள் பெண் ஆட்சியை ஏற்கத் தயங்கியபோது, அவர் புதியவர்களை நம்பினார். குலப்பெருமை இல்லாத, தம் பதவிக்கு அரசியை மட்டுமே சார்ந்த நாயகர்கள் இவர் காலத்தில்தான் கல்வெட்டுகளில் பெருகுகிறார்கள். படைச் சேவைக்கு ஈடாக நிலவருவாயைக் கொடுக்கும் நாயங்கரம் என்ற ஏற்பாடு இந்தக் காலத்தில் வேர்விடுகிறது.

படையெடுத்து வந்த தேவகிரி யாதவரைத் துரத்தியபின் இராயகஜகேசரி என்ற பட்டத்தை அவர் தாங்கினார். பகை அரசர்கள் என்ற யானைகளுக்குச் சிங்கம் போன்றவர் என்ற பொருளில் அமைந்த பட்டம். ஓருகல்லுக் கோட்டைக்குள் சுயம்பு சிவன் கோயிலின் இடிபாடுகளில் கிடைத்த சிற்பம் ஒன்றில், கையில் வாளும் கேடயமும் ஏந்திய பெண் சிங்கத்தின்மேல் அமர்ந்திருக்கிறாள். அது ருத்ரமாதான் என்று பலரும் கொள்கிறார்கள். தந்தை தொடங்கிய கல் கோட்டையை உயர்த்தி முடித்ததும் அவரே. மோட்டுப்பள்ளி வழியாக வந்த மார்க்கோ போலோ, நீதியும் அமைதியும் விரும்பிய அரசி ஒருவர் ஆண்ட நாடு என்று எழுதிவைத்தார். கணபதிதேவரின் மகளை அவருடைய விதவை மனைவி என்று போலோ எழுதிவிட்டார்; வைரச் சுரங்கங்களைப் பற்றியும் சிலந்தி வலைபோல் மெல்லிய பருத்தித் துணியைப் பற்றியும் அவர் எழுதியது இந்த நாட்டைப் பற்றித்தான்.

இதே காலத்து மல்காபுரம் கல்வெட்டை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1261ஆம் ஆண்டு. கோலகி மடத்துச் சைவ ஆசாரியர் விசுவேசுவர சம்புவுக்குக் கணபதிதேவர் மந்தடம் என்ற ஊரையும் ருத்ரமா வெலகபூடி என்ற ஊரையும் கொடுத்தார்கள். அந்த ஆசாரியர் அங்கே கோயில், மடம், பாடசாலை, அன்னசத்திரம் இவற்றோடு மருத்துவமனையும், பிரசவத்துக்கென்று தனியாக ஒரு மனையும் ஏற்படுத்தினார். பிரசவ மனைக்கு என்று வருமானத்தில் பங்கு ஒதுக்கிக் கல்லில் எழுதிய சாசனங்கள் அந்த நூற்றாண்டில் மிகக் குறைவு. அதே வெலகபூடியில்தான் இன்று ஆந்திரப் பிரதேச அரசின் தலைமைச் செயலகம் இயங்குகிறது.

ருத்ரமாவின் முடிவைப் பல காலம் எவரும் அறியவில்லை. நல்கொண்டா மாவட்டத்துச் சந்துபட்லாவில் கிடைத்த, 1289 நவம்பரைச் சேர்ந்த சிறு கல்வெட்டுதான் அதைச் சொன்னது. அரசியும் அவருடைய தளபதி மல்லிகார்ஜுன நாயகரும் சிவலோகம் அடைந்ததை ஒட்டி அவர்கள் புண்ணியத்துக்காக, படைவீரர் ஒருவர் கோயிலுக்கு நிலம் கொடுத்த செய்தி. காயஸ்தர் என்ற படைத்தலைவர் குடும்பத்தைச் சேர்ந்த அம்பதேவன் அப்போது தெற்கே கலகம் செய்துகொண்டிருந்தான். மறு ஆண்டு திரிபுராந்தகத்தில் பொறித்த கல்வெட்டில் மல்லிகார்ஜுனரை வென்றதாகப் பெருமை பேசுகிறான். இரண்டையும் சேர்த்துப் படித்து, முதிய வயதில் போர்க்களத்திலேயே அரசி இறந்தார் என்று வரலாற்றாசிரியர்கள் பலர் முடிவுக்கு வருகிறார்கள்.

பிரதாபருத்ரரும் டெல்லியும்

அடுத்து வந்தவர் ருத்ரமாவின் மகள் மும்மடம்மாவின் மகன் பிரதாபருத்ரர். பாட்டி தொடங்கிய நாயகர் முறையை அவர் முழுவீச்சில் விரித்தார். எழுபத்தேழு நாயகர்கள், கோட்டையின் எழுபத்தேழு கொத்தளங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒருவர் காவல் என்று பிற்காலத் தெலுங்குக் கதைகள் சொல்கின்றன. அவர்கள் எல்லோரும் ஒரே சாதியைச் சேர்ந்தவர்கள் என்றும் அக்கதைகள் சேர்த்துச் சொல்கின்றன. அக்காலத்துக் கல்வெட்டுகள் அதை ஆதரிக்கவில்லை. பல பின்னணிகளிலிருந்து வந்த நாயகர்கள் அவற்றில் தென்படுகிறார்கள். இன்று பல சமூகங்கள் காகதீயரைத் தங்கள் முன்னோராக உரிமை கொண்டாடுகின்றன. பிறப்பைப் பெரிதாகக் கேட்காததால் வலிமை பெற்ற அரசை ஒரே பிறப்புக்குள் அடைத்து வைப்பது, அதன் வரலாற்றுக்கு இழைக்கும் அநீதி என்பேன்.

இந்த நாயகர் படை தெற்கேயும் வந்தது. மதுரையில் பாண்டியர் தமக்குள் மோதிச் சிதறிக்கிடந்த நேரத்தில், 1316இல், முப்பிடி நாயகர் காஞ்சியைப் பிடித்தார். அவர் கொடை வரதராசப் பெருமாள் கோயிலில் கல்லில் இருக்கிறது.

வடக்கிலிருந்து வந்த ஆபத்து வேறு அளவினது. 1303இல் அலாவுதீன் கில்ஜி அனுப்பிய படை தோற்றுத் திரும்பியது. 1309இல் புறப்பட்ட மாலிக் காபூர் அடுத்த ஆண்டு தொடக்கத்தில் ஓருகல்லை முற்றுகையிட்டார். வெளிப்புறத்து மண் மதிலைக் கடந்து உள்ளே கல் மதிலைச் சூழ்ந்தபோது பிரதாபருத்ரர் பணிந்து யானைகளும் குதிரைகளும் பெரும் செல்வமும் கொடுத்தார். திறை கட்ட ஒப்புக்கொண்டார். டெல்லியில் குழப்பம் வரும்போதெல்லாம் திறையை நிறுத்துவதும், படை வந்ததும் மீண்டும் கொடுப்பதுமாகப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஓடின. துக்ளக் ஆட்சி வந்ததும் டெல்லியின் நோக்கம் மாறியது. திறை போதாது, நாடே வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். உலூக் கான், அதாவது பின்னாளில் முகமது பின் துக்ளக் என்று அறியப்பட்டவர், முதல் முற்றுகையில் தோற்றார். தந்தை இறந்துவிட்டார் என்று பரவிய வதந்தியில் அவருடைய படையே கலைந்தது. 1323இல் திரும்பி வந்து பல மாதம் சூழ்ந்துநின்று கோட்டையைப் பிடித்தார். ஓருகல்லு சுல்தான்பூர் ஆயிற்று. சுயம்பு சிவன் கோயில் தரைமட்டமானது. நாற்புறமும் நின்ற நான்கு கல் தோரண வாயில்கள் மட்டும் தப்பின. அவற்றில் ஒன்றின் வடிவம்தான் இன்று தெலங்கானா அரசின் சின்னத்தில் இருக்கிறது.

சிறைப்பட்ட பிரதாபருத்ரர் டெல்லி போய்ச் சேரவில்லை. வழியில் நர்மதைக் கரையில் இறந்தார் என்று விலாச செப்பேடு சொல்கிறது. தாமாகவே உயிரை விட்டார் என்ற குறிப்பு ஒரு நூற்றாண்டு கழித்து எழுதப்பட்ட கலுவசேரு செப்பேட்டில் இருக்கிறது.

தலைநகருக்குப் பிறகு

விலாச செப்பேட்டை வெளியிட்டவர் முசுனூரி புரோலய நாயகர். பத்ராசலத்துக்கு அருகே ரேகபள்ளியில் இருந்துகொண்டு, கடலோர மாவட்டங்களிலிருந்து டெல்லி அதிகாரிகளை விரட்டியவர். அவர் உறவினர் காப்பய நாயகர் 1336இல் ஓருகல்லையே மீட்டார். தெற்கே அத்தங்கியில் புரோலய வேம ரெட்டி தனியரசு அமைத்தார். அவருடைய வழியினர் பின்பு கொண்டவீட்டிலிருந்து ஆண்டார்கள். ராசகொண்டாவில் ரேசர்லக் குடும்பத்தினர் எழுந்தார்கள். இவர்கள் எல்லோருமே பிரதாபருத்ரருக்குக் கீழ் இருந்த நாயகர் உலகத்திலிருந்து வந்தவர்கள்.

ஆற்றுக் கால்வாய் அரசில் தலைமை மதகைப் பிடித்தவனிடம் நாடு வந்துவிடும். ஏரி அரசில் ஒவ்வொரு ஏரியும் ஒவ்வொருவரின் பொறுப்பு. ஓருகல்லில் கொடி மாறியதால் பாகாலிலோ பாலம்பேட்டையிலோ மதகு திறப்பது நின்றுவிடவில்லை. தலைநகரின் கருவூலம் போனது. ஊர்களின் விளைச்சலும் அங்கே படை திரட்டத் தெரிந்த மனிதர்களும் அப்படியே இருந்தார்கள். எதிரியைச் சேர்ந்து எதிர்க்கவும் அவர்களால் முடிந்தது, அதேபோல் தங்களுக்குள் அடித்துக்கொள்ளவும் முடிந்தது. காப்பய நாயகரைக் கொன்றது டெல்லிப் படை அல்ல. 1368ஐ ஒட்டி அவர் ரேசர்லத் தலைவர்களோடு மோதி இறந்தார். பரவிக்கிடந்த அதிகாரத்தின் பலமும் பலவீனமும் ஒன்றாகவே இருந்தன.

காகதீயர் வழியென்று சொல்லிக்கொண்ட குடும்பம் ஒன்று கோதாவரிக்கு வடக்கே பஸ்தர் காடுகளில் தொடர்ந்தது. பிரதாபருத்ரரின் தம்பி அன்னமதேவர் அங்கே போய் அரசு அமைத்தார் என்பது அவர்கள் மரபு. அந்த வழியில் வந்த பிரவீர் சந்திர பஞ்ச் தேவ் 1966இல் ஜகதல்பூர் அரண்மனையில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் கொல்லப்பட்டார்.

தெலங்கானா தனி மாநிலமானதும் 2015இல் தொடங்கிய ஏரி தூர்வாரும் திட்டத்துக்கு மிஷன் காகதீயா என்று பெயர் வைத்தார்கள். ஏறத்தாழ 46,000 நீர்நிலைகளைச் சீரமைப்பது இலக்கு. பெயர் பொருத்தமாக இருக்கிறது.

தமிழ்நாட்டுக்கு இந்த வரலாறு வந்துசேர்ந்த வழி போர்க்களத்தைவிட நீளமானது. படைச் சேவைக்கு நிலவருவாய் என்ற நாயங்கர முறையை விஜயநகரம் எடுத்துக்கொண்டு அமர நாயங்கரமாக விரித்தது. காகதீயர் முறையின் நேரடித் தொடர்ச்சி எவ்வளவு, புதிதாகச் சேர்ந்தது எவ்வளவு என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. மேட்டு நிலத்துப் போர்வீரர்கள் அந்த அமைப்பின் முதுகெலும்பாக இருந்தார்கள் என்பதில் ஐயம் குறைவு. 16ஆம் நூற்றாண்டில் மதுரை, தஞ்சை, செஞ்சி மூன்றிலும் நாயக்கர் ஆட்சி நிலைத்தபோது அவர்களோடும் அவர்களுக்கு முன்னும் பின்னுமாகத் தெலுங்கு பேசும் உழவர்களும் வீரர்களும் தெற்கே வந்தார்கள். காவிரி, தாமிரபரணிக் கரைகளில் நன்செய் ஏற்கெனவே பிறர் கையில் இருந்தது. வந்தவர்களில் பெரும்பாலோர் குடியேறியது கோவில்பட்டி, சாத்தூர், விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் காட்டில், அதுவரை உழவு அதிகம் காணாத, மழையை மட்டுமே நம்பிய நிலத்தில். அங்கே கிணறு வெட்டி, கண்மாய்க்குக் கரை போட்டு, பருத்தியும் கம்பும் விதைத்தார்கள்.